கிரிப் மாட்டக் கூலி இல்லை

சென்னை அண்ணா சாலையிலிருந்து ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குள் திரும்பினால் (ஜி.பி. ரோடு என்றால்தான் பலருக்கும் புரியும்) கடை வாசல்களில் தொங்குவதெல்லாம் வண்டி சாமான்தான். கண்ணாடி, இண்டிகேட்டர், சீட் கவர், மட்கார்டு. பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, புதுசுக்கு ஜி.பி. ரோடு என்பது சென்னைக்காரர்களின் கணக்கு. கடைக்குள் நின்று விற்பவர் ஒருவர். வாங்கியதை வாசலிலேயே வண்டியில் மாட்டிக் கொடுப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அவருக்குப் பட்டறை கிடையாது. நடைபாதை ஓரத்தில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ரெஞ்சுகள், திருப்புளிகள், உப்புத்தாள், ஒரு பிடி பனியன் வேஸ்ட், குளிர்பான பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல். இவற்றோடு, உடைந்த ஹாக்ஸா பிளேடைச் சாணை பிடித்து, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றிய ஒரு கத்தி. கடையில் விற்கும் எந்தக் கத்தியும் அதற்கு ஈடில்லை என்கிறார்.

சாப்பாடு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் வண்டியை நிறுத்தினான். வலது கிரிப் வரியெல்லாம் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தது. தொட்டால் விரலில் கருப்பு ஒட்டியது. இடது பக்கம் வரி அப்படியே இருந்தது. ஆக்ஸிலேட்டரைப் பிடித்த கை நாளெல்லாம் திருகிக்கொண்டே இருக்கிறது, அதனால் வலதுதான் முதலில் போகும். சென்னை வெயிலும் கை வியர்வையும் ரப்பரைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.

“ஒண்ணு மட்டும் கிடைக்குமாண்ணா?”

“ஜோடியாத்தான் வரும் தம்பி. ரெண்டும் ஒரே அளவும் கிடையாது, பாரு.”

பையனோடு நானும் எட்டிப் பார்த்தேன். நம் ஊர் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஹேண்டில்பார் குழாயின் விட்டம் 22 மி.மீ. இடது கிரிப் நேராக அந்த இரும்பின் மேலேயே உட்காரும். வலது பக்கத்தில் இரும்புக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுழல்கிறது. ஆக்ஸிலேட்டர் வயரை இழுப்பது அதுதான். அதன் மேல் ஏற வேண்டியதால் வலது கிரிப்பின் துளை ஏறக்குறைய 25 மி.மீ. மாற்றி மாட்டினால் ஒன்று ஏறாது, மற்றது நிற்காது.

இடது கிரிப்பில் கத்தியை அழுத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். முற்றிய கொடுக்காப்புளி போல அது வாயைப் பிளந்தது. வலது பக்கம் வந்ததும் கை மெதுவாகிவிட்டது. கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, ரப்பர் மட்டும் அறுபடும் ஆழத்தில் நகர்த்தினார். பிளாஸ்டிக்கில் ஆழமாகக் கீறல் விழுந்தால் குழாய் அங்கேயே விரிசல் விட்டுப் போகும். ரப்பர் எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியுமாம். “சத்தம் மாறும் சார், கேளுங்க.” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பழைய கிரிப்பையே திரும்பப் போட வேண்டுமென்றால் அறுப்பதில்லை. ஓரத்தில் கம்ப்ரஸர் காற்றைச் செலுத்தினால் ரப்பர் உப்பி, பசை விட்டு, தானாக நழுவி வந்துவிடும்.

உப்புத்தாளால் துருவையும் பழைய பசையையும் தேய்த்தார். பனியன் வேஸ்டைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்தார். புது கிரிப்புக்குள் சிறிது பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி, வெளியே கொட்டிவிட்டு, ஒரே தள்ளாகத் தள்ளினார். ஈரம் இருக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகும்; பெட்ரோல் ஆவியானதும் கவ்விக்கொள்ளும். பாதியில் தயங்கினால் பாதியிலேயே நின்றுவிடும். சிலர் ரப்பர் சொல்யூஷன் தடவுகிறார்கள். எண்ணெயோ கிரீஸோ மட்டும் ஆகாது, அவை ஆவியாவதில்லை.

வலது கிரிப்பை முழுக்க உள்ளே தள்ளவில்லை. சுவிட்ச் பெட்டிக்கும் அதற்கும் நடுவே நகக்கனம் இடைவெளி விட்டார். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ரப்பர் உரசி, முறுக்கிய ஆக்ஸிலேட்டர் திரும்பி வராது. சிக்னலில் நிற்க வேண்டிய வண்டி முன்னால் பாயும். முறுக்கி விட்டார், ‘டக்’கென்று திரும்பியது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி உறுமல் ஏறுகிறதா என்று காது கொடுத்தார். ஏறினால் எங்கோ வயர் இழுபடுகிறது என்று பொருள். கிரிப்போடு நேரடிச் சம்பந்தமில்லாத சோதனை. ஆனாலும் கைக்கு வந்த எந்த வண்டியையும் இதைப் பார்க்காமல் விடுவதில்லை.

பஜாஜ் சேட்டக் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறார். அந்த ஸ்கூட்டரில் இடது கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். “கிரிப் வழுக்குச்சுன்னா கியரே விழாது சார். அப்ப கிரிப்புக்கு மரியாதை இருந்துச்சு.”

இப்போது வருகிறவர்கள் கை மரத்துப்போகிறது என்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில் வழியாக உள்ளங்கைக்கு வருகிறது. ஹேண்டில் முனையில் வைக்கும் எடைக்கட்டி அதைக் கொஞ்சம் அடக்கும். புல்லட்காரர்கள் இதையெல்லாம் குறையாகச் சொல்வதில்லை, அது வேறு சாதி பக்தி. ஸ்பாஞ்ச் கிரிப் கைக்கு மெத்தென்றிருக்கும், ஆனால் ஐப்பசி மழையில் நனைந்தால் பிழியப் பிழியத் தண்ணீர்தான். சென்னைக்கு அது லாயக்கில்லை என்பது என் கட்சி. வரி ஆழமான சாதாரணக் கருப்பு ரப்பரே போதும்.

ஹாரன், எக்ஸ்ட்ரா லைட் மாட்டினால் அவருக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. கிரிப்புக்குக் கிடையாது. “பொருள் வாங்கினா மாட்டறது ஃப்ரீதானே?” என்பார்கள் வாங்குகிறவர்கள். கடைக்காரர் அதை மறுப்பதில்லை. மாட்டிக் கொடுப்பவரோ கடையில் சம்பளத்துக்கு இருப்பவருமில்லை. பையன் இருபது ரூபாய் நீட்டினான். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வண்டிக்குக் குனிந்தார்.

நீங்கள் கிரிப் மாற்றினால் வண்டியை எடுக்கும் முன் ஆக்ஸிலேட்டர் டக்கென்று திரும்புகிறதா என்று ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். மாட்டியவருக்கு ஐம்பது ரூபாயாவது கொடுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.