ஊசி செய்த மௌத்து

காத்தான்குடியில் மாரி தொடங்கிவிட்டால் நுளம்புக் குடம்பிக்குப் பஞ்சமில்லை. பூச்சாடித் தட்டு, பழைய டயர், மூடாத சீமெந்துத் தொட்டி, எதைக் கிளறினாலும் ஒரு கரண்டி தேறும். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய ஊர். டெங்கு நுளம்புக்கு வேறென்ன வேண்டும்? குடம்பியைப் பிளந்து குடலை வெளியே எடுக்கும் வேலையை எனக்குப் பழக்கியவர், நுளம்புக் கட்டுப்பாட்டில் பல வருடம் களத்தில் நின்ற ஒரு காக்கா.

பார்வைக்குச் சின்ன வேலை. வழுக்கியில் ஒரு துளி உப்புக்கரைசல், அதில் ஒரு குடம்பி. ஒரு ஊசி நெஞ்சை அசையாமல் பிடிக்க, மற்றது வாலுக்கு முந்திய துண்டத்தில் கீறல் போட்டு நுனியை மெல்ல நகர்த்தும். ஊறிய இடியப்ப இழை போலக் குடல் வழுகி வரும். வெறும் கிணற்றுத் தண்ணி கூடாது. கலங்கள் ஊதி வெடித்துவிடும். "இழுக்காத தம்பி, அதா வரட்டும்" என்பார் காக்கா.

நாங்கள் தேடுவது, குடம்பி நுளம்பாக உருமாறும்போது சாகும் குடற்கலங்களை. பிறகு ட்ரிப்பான் நீலம் என்ற சாயம். சவ்வு கிழிந்த கலத்துக்குள் மட்டும் அது ஏறும். நீலத் திட்டைக் கண்டதும், உருமாற்றத்தில் சாகும் கலம் இதுதான் என்று துள்ளத் தோன்றும். காக்கா ஒப்பமாட்டார். "இது உன்ட ஊசி செய்த மௌத்து. நாம தேடுறது வேற."

திட்டமிட்டுச் சாகும் கலம் இலேசில் சவ்வைத் திறக்காது. சுருங்கும், கரு இறுகித் துண்டாகும், கஸ்பேஸ் என்ற நொதியங்கள் உள்ளிருந்தே புரதங்களை வெட்டும். நீலம் ஏறுவது கடைசியில்தான். அதனால் எந்த நேரத்துக் குடலை எடுக்கிறோம் என்பதில் பாதித் தொழில் இருக்கிறது. நாலாம் பருவக் குடம்பியில் இளமை ஓமோன் இறங்கி எக்டைசோன் ஓமோன் ஏறும்போது, குடற்சுவரின் அடியில் கிடக்கும் சிறுகலங்கள் பெருகும். கூட்டுப்புழுவில், அதுவரை தீனி செரித்த பெருங்கலங்கள் செத்து நடுக்குழிக்குள் உதிர, சுற்றிவரப் புதுச்சுவர் எழும்பியிருக்கும். குடலுக்குள் குடல்! இரண்டு நாள் போனால் இரத்தம் கொள்ளும் வயிறு தயார்.

ரிச்சர்ட் லொக்சினும் கரோல் வில்லியம்சும் 1964இல் 'திட்டமிட்ட கல இறப்பு' என்று எழுதியதும் பூச்சியைப் பார்த்துத்தான். பட்டுப்பூச்சி கூட்டைவிட்டு வெளியேற உதவும் வயிற்றுத் தசைகள், வெளியே வந்தபின் கரைந்துபோகின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது மெதோபிரீன் கதை. தண்ணீரில் இடும் இந்த மருந்து இளமை ஓமோன் போல நடிக்கும். குடம்பி பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும்; பெரும்பாலும் கூட்டுப்புழுவான பிறகே சாகும். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் சுப்பா ரெட்டி பள்ளி என்ற ஆய்வாளரின் குழு 2006இல் மருந்து பட்டவற்றின் குடல்களை ஆராய்ந்தது. சாகவேண்டிய பழைய கலங்களின் சாவு பிந்தித் தொடங்கி, முடியாமலே நின்றது; புதியவை எழும்பியும் பழைய சுவர் போகாமல் இரண்டு சுவராகக் கிடந்தது. இதை எங்கள் வழுக்கியில் பார்ப்பதென்றால், மருந்து போட்ட தண்ணீரின் கூட்டுப்புழுவையும் போடாததன் கூட்டுப்புழுவையும் உயிரோடு பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். கூட்டுப்புழு பெரிய கரைச்சல். உருண்ட முன்பகுதி ஊசிக்கு நழுவும். காக்கா இப்போது அதைத்தான் பழக்குகிறார்.