டிக்கெட் கிடைத்துவிடும், ஆடிப்பட்டத்தை யார் பார்ப்பது?

'கிராமத்து இளைஞர்களுக்கு வெளிநாட்டில் தலைமைப் பயிற்சி. போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம்' என்ற தகவல் இப்போதெல்லாம் ஊர் ஊராகச் செல்போனில் சுற்றுகிறது. அதில் ஏமாற்று வேலை நிறைய. ஆனால், எல்லாமே பொய்யில்லை. இளைஞர்களை இன்னொரு நாட்டுக்கு அழைத்துப் பழக்குவதற்கென்றே ஒதுக்கப்படும் நிதி உண்மையிலேயே இருக்கிறது. அது எதற்குக் கொடுக்கப்படுகிறது, எதற்குக் கொடுக்கப்படுவதில்லை என்று தெரியாமல்தான் சில குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன. சில குடும்பங்கள் பயந்துபோய் நல்ல வாய்ப்பை விட்டுவிடுகின்றன.

விவசாயிகளுக்குப் பொருத்தமான ஒன்றைப் பார்க்கலாம். ஜப்பானின் டோச்சிகி மாகாணத்தில், நாசுஷியோபாரா என்ற ஊரில் ஏசியன் ரூரல் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. டோஷிஹிரோ தகாமி என்ற பாதிரியார் 1973-ல் தொடங்கியது. அவருக்கு 1996-ல் மகசேசே விருது கிடைத்தது. ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடியும் 9 மாதப் பயிற்சி. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் கிராமங்களில் வேலை செய்பவர்களுக்கானது. இந்தியாவிலிருந்தும் பலர் போய்வந்திருக்கிறார்கள். எந்த மதத்தவரும் சேரலாம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்.

அங்கே போகிறவர் ஹாலில் உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டு வர முடியாது. காலையில் எழுந்ததும் துப்புரவு வேலை, பிறகு பன்றி, கோழிகளுக்குத் தீனி, வயல் வேலை, சமையல். அவர்கள் சாப்பிடும் அரிசியும் காய்கறியும் முட்டையும் பெரும்பாலும் அவர்களே விளைவித்தவை. ரசாயன உரம் கிடையாது. தலைமைப் பொறுப்பு முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும். இன்று வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அடுத்த முறை கொடுத்த வேலையைச் செய்ய வேண்டும். கழிப்பறை கழுவுவதும் அந்தத் தலைமைப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

செலவுக்கான பணம் நன்கொடையாளர்களிடமிருந்து வருகிறது. கவனிக்க வேண்டியது, விண்ணப்பிப்பவர் தனி ஆளாகப் போக முடியாது. அவர் வேலை செய்யும் அமைப்பு ஒன்று அவரை அனுப்ப வேண்டும். திரும்பி வந்ததும் அவர் அந்த மக்களோடுதான் வேலை செய்ய வேண்டும். 'அப்படியே ஜப்பானில் ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவருக்கு இது வழியில்லை.

வட மாவட்டம் ஒன்றில் மகளிர் குழுக்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை அவருடைய தொண்டு நிறுவனம் இப்படி ஒரு பயிற்சிக்கு அனுப்ப முடிவு செய்தது. வீட்டில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், இரண்டு கறவை மாடு. செய்தியைக் கேட்ட மாமியார் சந்தோஷப்பட்டார். மறுநாள் காலையில் பால் கறந்துகொண்டே கேட்டார், "போயிட்டு வாம்மா. ஆடியில கடலை போடணுமே, களை எடுக்கணுமே, யாரு இருக்கா?"

"அவரு பாத்துக்குவாரு அத்தே."

"அவன் பால் சொசைட்டிக்குப் போறதா, கொல்லிக்குப் போறதா?"

நியாயமான கேள்வி. ஏப்ரல் முதல் டிசம்பர் வரை என்றால் ஆடிப்பட்டம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. விதைப்பு, களை, அறுவடை எல்லாம் அவர் இல்லாமலே நடக்க வேண்டும். விமான டிக்கெட்டுக்குப் பணம் தருகிறவர்கள் களையெடுக்கும் கூலிக்குத் தருவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இருக்காது. அந்தக் குடும்பம் ஒரு மாட்டை விற்றது. கடலை நிலத்தைப் பங்காளிக்கு அந்த ஒரு பட்டத்துக்கு வாரத்துக்கு விட்டது. தொண்டு நிறுவனம் 9 மாதமும் பாதிச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டதால்தான் அவரால் போகவே முடிந்தது. இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கியது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

திரும்பி வந்தவர் முதலில் கற்றுக்கொடுக்க நினைத்தது பொக்காஷி உரம். தவிடு, கோழி எரு, உமிக்கரி, மண் எல்லாம் கலந்து புளிக்க வைப்பது. ஈரம் சரியா என்று பார்க்கக் கையால் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். சூடு ஏறும்போது புரட்டிவிட வேண்டும். உரம் நன்றாகத்தான் வந்தது. ஆனால், நம் ஊரில் தவிடு மாட்டுத் தீவனம். காசு கொடுத்து வாங்கும் பொருள். அதை மண்ணில் கொட்ட எந்தப் பெண்ணுக்கும் மனசு வரவில்லை. தவிட்டைக் குறைத்துச் சாணத்தைக் கூட்டி, கைக்கு வந்தபடி மாற்றிய பிறகே நாலைந்து வீடுகளில் நிலைத்தது.

நன்றாக வேர்விட்டது இன்னொன்று. குழுவில் பல வருஷமாக ஒரே ஆள் கையில் இருந்த கணக்கு நோட்டு, மாதம் ஒருவராகச் சுற்ற ஆரம்பித்தது. பழைய தலைவி இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. கோபம் தீர்ந்து வந்தபோது, எழுதத் தெரியாதவர்களுக்கு அவரே பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் சொல்லிக் கொடுத்தார். அந்த நோட்டில் இப்போது பல கையெழுத்துகள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள திட்டங்கள் வேறு மாதிரி. அமெரிக்க வெளியுறவுத் துறை 2002-ல் தொடங்கிய கென்னடி-லூகர் 'யெஸ்' திட்டத்தில் ஒரு கல்வியாண்டு அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கலாம். பயணச் செலவு, காப்பீடு, கைச்செலவுக்குச் சிறு தொகை அதிலேயே அடங்கும். ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத்தில் தங்க இடமும் சாப்பாடும் கிடைத்தாலும், டிக்கெட், விசா, காப்பீட்டுச் செலவு பொதுவாகப் பெற்றோருடையது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்க ஓடக் கூடாது. அரசுப் பணம் என்றாலும் அது நிரந்தரமில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு இதுபோன்ற பரிமாற்றத் திட்டங்களுக்கான பணத்தைத் திடீரென்று நிறுத்திவைத்தது. எனவே, பயணத் தேதி உறுதியாகும் முன்பே மாட்டை விற்பது, நிலத்தை வாரத்துக்கு விடுவது வேண்டாம்.

இடையில் யாராவது வந்து 'சீட்டு உறுதி செய்ய முன்பணம்' என்று சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடலாம். நிறுவனத்தின் பெயரில் வந்த கடிதத்தைக் கேட்க வேண்டும். அதில் டிக்கெட், விசா, காப்பீடு, மருத்துவப் பரிசோதனை ஒவ்வொன்றும் யார் செலவு என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் பெரும்பாலும் நம் செலவுதான். பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் பெயரின் எழுத்து ஒத்துப்போகாவிட்டால் திருத்தம் செய்யவே மாதக்கணக்கில் ஆகலாம். அந்த வேலையை மட்டும் இப்போதே தொடங்கிவிடலாம்.