எஸ்2000 விற்ற கதை

மாடிஃபை பண்ணின காரை விக்கிறது, வளர்த்த மாட்டை சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாதிரிங்க. நமக்குப் பாசம். வாங்க வர்றவன் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பான்.

கலிஃபோர்னியாவுல என்கிட்ட இருந்தது 2003 மாடல் ஹோண்டா எஸ்2000. ரெண்டே சீட்டு, 2 லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது, ஆனா 240 குதிரை. 9000 ஆர்பிஎம் வரைக்கும் முறுக்கலாம். நான் மாத்தினது சஸ்பென்ஷன், ஏர் இன்டேக், சைலன்சர். கழட்டின கம்பெனி பார்ட் எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு, பில்லோட கராஜுல வெச்சிருந்தேன்.

டீலர்கிட்ட போனா இந்தச் செலவுக்கெல்லாம் மதிப்பு பூஜ்யம். சரி, நாமே விப்போம்னு இறங்கினேன்.

இங்க புகைச் சோதனை சர்டிஃபிகேட் குடுக்க வேண்டியது விக்கிறவன் பொறுப்பு. 90 நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும். மாத்தின இன்டேக்குல மாநில காற்று வாரியத்தோட அனுமதி நம்பர் இல்லைன்னா ஃபெயில். 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் கம்ப்யூட்டர்ல ப்ரோகிராமை மாத்தியிருக்கான்னும் பார்க்கிறாங்க. (பொட்டி தட்டுறவனுக்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங்!) என் இன்டேக்குல நம்பர் இருந்துச்சு. கம்ப்யூட்டரை நான் தொடவே இல்லை. பாஸ்.

முதல்ல வந்தவனுக்கு இருபது வயசு இருக்கும். கேட்ட விலையை ரொக்கமா தர ரெடி. பேப்பர் எதையும் பார்க்கலை, "எவ்வளவு வேகம் போகும்?"னு மட்டும் கேட்டான். இன்சூரன்ஸ் இல்லை, ஆனா தனியா ஓட்டிப் பார்க்கணுமாம். இந்த வண்டியில வளைவுல திடீர்னு ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா பின்பக்கம் சுத்திடும். காப்பாத்துற எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் 2006 மாடல்ல தான் வந்துச்சு. தம்பி, மன்னிச்சுக்கோன்னு அனுப்பிட்டேன். காசு கண்ணுல நின்னுச்சு, இருந்தாலும் அவன் அம்மா முகத்தைக் கற்பனை பண்ணிப் பார்த்தேன், முடியலை.

அடுத்து வந்தவர் ஐம்பதைத் தாண்டினவர். 1500 டாலர் குறைச்சுக் கேட்டார். வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தவர், எழுந்து கேட்ட முதல் கேள்வி, "பழைய பார்ட் இருக்கா?" பெட்டியைத் திறந்ததும் மனுஷன் முகத்துல தீபாவளி. என் சஸ்பென்ஷன் அவருக்கு வேண்டவே வேண்டாமாம்! கழட்டித் தனியா வித்ததுல அந்த 1500-ல பாதி திரும்பி வந்துச்சு.

பேங்குலயே வெச்சு செக் வாங்கிட்டு, பிங்க் ஸ்லிப்புல கையெழுத்து போட்டேன். வித்துட்டேன்னு 5 நாளுக்குள்ள டிஎம்வி-க்கு சொல்லிடணும், இல்லைன்னா அவர் வாங்குற பார்க்கிங் டிக்கெட் நம்ம வீட்டுக்கு வரும்.

மாடிஃபை பண்ணப் போற மக்களே, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி நல்ல அட்டைப்பெட்டி ஒண்ணு வாங்கிடுங்க. கடைசியில விலை போறது அதுதான்.