பேக்கப் சர்வருக்கு எந்த இயங்குதளம்?

உத்திரமேரூர் வட்டாரத்தில் என்னிடம் வரும் வேலை பெரும்பாலும் அரிசி ஆலைகளின் டேலி கணக்கும், ஸ்டுடியோக்களின் கல்யாணப் படங்களும்தான். கணக்கைக்கூட பில்களை வைத்து மறுபடி போட்டுவிடலாம். படம் போனால் போனதுதான். அதனால் பேக்கப் சர்வருக்கு எந்த இயங்குதளம் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

"எல்லா சிஸ்டத்துலயும் விண்டோஸ்தானே அண்ணே, இதுலயும் அதையே போட்டுடுங்க" என்பார்கள். அதுதான் கூடாது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவியபோது, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓர் ஓட்டை வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானாகவே தாவியது. வேலை செய்யும் கணினியும் அதைக் காக்கும் கணினியும் ஒரே இனமாக இருந்தால் ஒரே நோயில் இரண்டும் படுத்துவிடும். நான் போடுவது டெபியன் லினக்ஸ். ஸ்டுடியோ கணினி எதையும் சர்வருக்கு அனுப்பாது. சர்வர்தான் இரவில் போய், படிக்க மட்டுமான அனுமதியில் எடுத்து வரும். சர்வரின் பாஸ்வேர்டு ஸ்டுடியோவில் எங்குமே இருக்காது.

லினக்ஸிலும் எதை நம்புவது என்ற கேள்வி உண்டு. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை என்றிருந்த ஆதரவை, 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு 2021 கடைசியோடு முடித்துவிட்டது. டெபியன் எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை; நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு வெளியீடு 5 ஆண்டு ஓடும். சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. நான் ஊரில் இல்லாத நாளில் சர்வரைத் தொடத் தயங்காத ஒரு பையன் இங்கே கிடைப்பான் என்றால் அந்தப் பழக்கத்தில்தான்.

தரவு வட்டுகள் இரண்டிலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை; ஒன்றில் இருப்பதன் பிரதி மற்றதிலும் இருக்கும். எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை (செக்சம்) வைத்திருக்கும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு டெபியன் எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும். மறுநாள் நிலவரத்தைப் பார்த்தால் ஒவ்வொரு வட்டுக்கு எதிரிலும் செக்சம் பிழைப் பத்தியில் 0 இருக்க வேண்டும். வேறு எண் தெரிந்தால் அந்த வட்டு, கேபிள், ரேம் மூன்றையும் சந்தேகிப்பேன். அதற்குள் நல்ல பிரதியிலிருந்து கெட்டதை அதுவே திருத்தியிருக்கும். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையோ கெட்டுப்போன படத்தையும் பேசாமல் எடுத்துக் கொடுத்துவிடும்.

உரிமச் சிக்கலால் இசட்எஃப்எஸ் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வராது. கெர்னல் மாறும்போதெல்லாம் அதன் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். ஆகவே இயங்குதளத்தைத் தனியே ஒரு சிறிய எஸ்எஸ்டியில் இஎக்ஸ்டி4-இல் வைப்பேன். மாட்யூல் தகராறு செய்தாலும் சர்வர் பூட் ஆகும். வட்டுகளைக் கழற்றி ஃப்ரீபிஎஸ்டியில் மாட்டியும் படிக்கலாம்.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்த இயங்குதளம் போட்டிருந்தாலும் சரி, போன வருஷத்து ஆல்பம் ஒன்றை இந்த வாரமே வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.