கடலோரம் நடந்த காலைகள்

ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் மட்டக்களப்பு வாவி. இவ்விரண்டிற்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலமே எமது கல்லடி. இங்குப் பிறந்தோர் நடை பழகியது கடற்கரை மணலிலேதான் எனலாம். என் தந்தையாரும், ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம், விடியற்காலையில் அம்மணலில் நடந்து வந்த பின்னரே பாடசாலைக்குப் புறப்படுவார். அதனை உடற்பயிற்சி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கடலைப் பாத்திட்டு வாறன்" என்பதே அவர் வழக்கு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை ஊருக்குள் புகுந்தது. நாவலடியிலும் கல்லடியிலும் துயருறாத வீடு அரிது. நாம் அத்தையை இழந்தோம். அன்றிலிருந்து தந்தையார் கடற்பக்கச் சாளரத்தையும் திறக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. அக்காலத்திலேயே நீரிழிவும் அவரைப் பற்றிக்கொண்டது. நாளும் நடக்குமாறு வைத்தியர் வற்புறுத்தினார். நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எரிபொருளாகக் கொள்கின்றன. வாரத்திற்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் நன்று என உலக சுகாதார நிறுவனமும் கூறுகின்றது. இவற்றையெல்லாம் நான் எடுத்துரைத்தேன். அவரோ முற்றத்தில் பத்துச் சுற்று நடந்துவிட்டு அமர்ந்துவிடுவார். என் அறிவுரை அவரை அசைக்கவில்லை.

அசைத்தவர் அயலிலிருந்த முதிய மீனவர் ஒருவர். பேரலையில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். ஒரு விடியலில் எம் படலையடியில் நின்று, "மாஸ்டர், வாங்க. ரெண்டு பேருமாப் போய் கடல்ட முகத்தை ஒருக்காப் பாத்திட்டு வருவம்" என்றார். தந்தையார் மறுமொழி கூறாது எழுந்து சென்றார். அன்று அவர்கள் அலைவாய் வரை செல்லவில்லை. அலையாற் சாய்ந்த கோபுரத்தோடு நின்ற திருச்செந்தூர் முருகன் ஆலயத்தருகே சிறிது நேரம் நின்று திரும்பினர். மறுநாள் இன்னுஞ் சற்றுத் தூரம். அடுத்த வாரம் ஈரமணல்.

நாளடைவில் இருவர் எண்மராயினர். உலர்ந்த மென்மணலில் நடப்பதற்கு, கட்டாந்தரையில் நடப்பதிலும் இருமடங்கிற்கு மேற்பட்ட சக்தி தேவை. ஆதலால் முதியோர் நீரோரத்து இறுகிய மணலையே நாடினர். நீரிழிவு கண்டோரின் பாதங்களில் உணர்ச்சி குன்றியிருப்பின், சிப்பி கிழித்தாலும் அறியார். எனவே, வாழ்நாளெல்லாம் அம்மணலில் வெறுங்காலுடன் நடந்த தந்தையார் மனமின்றிச் சப்பாத்து அணிந்தார்.

ஒருநாள், மாத்திரையை விழுங்கிவிட்டு ஏதும் உண்ணாது சென்றவர், வழியில் வியர்த்து நடுங்கி மணலில் அமர்ந்துவிட்டார். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தோருள் இருவர் கயிற்றை விட்டு ஓடிவந்து, தமக்கென வைத்திருந்த தேநீரில் சீனியை அள்ளியிட்டுப் பருக்கினர். குருதியிற் சர்க்கரை மிகக் குறைந்தமையே காரணம் எனப் பின்னர் வைத்தியர் விளக்கினார். முற்றத்தில் தனியே சுற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அறிவுரை கூறிய நான் அவ்வேளை உறக்கத்தில் இருந்தேன்.

கடற்காற்று அவர் நோயை மாற்றிவிடவில்லை, மருந்து தொடர்ந்தது. அத்தையின் இழப்பும் ஆறிவிடவில்லை; டிசம்பர் 26இல் அவர்கள் நடப்பதில்லை, அலைவாயில் மலரிட்டு நிற்பர். ஆயினும், சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இரவில் உறக்கம் வந்தது. இவற்றினும் மேலாக, ஒருநாள் வாராதிருப்பின் "மாஸ்டருக்கு என்ன?" என்று படலையில் வந்து கேட்பதற்கு ஏழு பேர் இருந்தனர்.

நடப்பதற்கு வீதி போதாதோ என்பாரும் உளர். கால்களுக்கு அது போதும். ஆனால், ஒரே இழப்பைச் சுமந்தோர் ஒருவரையொருவர் கண்டு, பேசாமலே உடன் நடப்பதற்கு எமக்கு வாய்த்த இடம் கடற்கரையே. அதனை மதிலிட்டு மறைக்காமலும் குப்பையிட்டு மூடாமலும் நடப்போருக்கு விட்டுவைத்தல் நம் கடனாகும்.