அப்பா எங்கே என்று அம்மா கேட்டால்

அம்மாவுக்கு அல்சைமர் என்று தெரிந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. மறதியைக்கூடச் சமாளித்துவிடலாம். மாலை நேரம்தான் எனக்குப் பயம்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் வெளிச்சம் குறையத் தொடங்கினால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு கதவருகே நிற்பார். “வீட்டுக்குப் போகணும்யா. அப்பா வந்திருப்பாரு, இன்னும் சோறு ஆக்கல.” அவர் சொல்வது, பால்மரம் வெட்டிய காலத்தில் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டை. இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது.

“அப்பா இறந்து 11 வருஷமாச்சும்மா” என்று தொடக்கத்தில் உண்மையைச் சொன்னேன். “எனக்கு ஏன் யாரும் சொல்லல?” என்று தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாளும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். அந்த வாரம் முழுக்க வீட்டில் தினமும் ஒரு சாவு.

டோனெபசில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது நோயைக் குணப்படுத்தாது. நினைவுக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் மூளையில் சீக்கிரம் சிதையாமல் தடுக்கும், அவ்வளவுதான். இரவில் கொடுத்தபோது கெட்ட கனவு கண்டு அலறினார். மருத்துவரிடம் சொன்னோம், காலை வேளைக்கு மாற்றினார். தூக்கம் சரியானது. ஒருமுறை இரண்டே நாளில் ஆளே மாறி, எங்களை அடிக்க வந்தார். நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம். பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று! திடீர் மாற்றம் தெரிந்தால் எல்லாம் இந்த நோய்தான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

மாலை நேரத்துக்கு வழி சொன்னவர் ஒரு தாதி. “திருத்தாதீங்க தம்பி. அவங்க பேச்சோடயே போங்க. கையில ஒரு வேலை கொடுங்க.”

இப்போது இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு தட்டு நெத்திலியை அம்மா முன் வைக்கிறேன். தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, என்னைவிட வேகமாகச் செய்கிறார். எல்லா நாளும் பலிக்காது. சில நாள் பையோடு தெருமுனைவரை இருவரும் நடந்துவிட்டு வருவோம்.

“அம்மாகிட்ட பொய் சொல்றியே” என்று ஜொகூரில் இருக்கும் தம்பிக்குக் கோபம். வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசுபவனுக்கு என்ன பதில் சொல்வது?

தீபாவளிக்கு வந்திருந்தான். மாலையில் அம்மா அவனிடம், “அப்பா எங்கய்யா?” என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்பாவுக்கு இன்னிக்கு என்னம்மா சமைக்கலாம்?”

“நெத்திலிக் குழம்பு. புளி கொஞ்சமாப் போடணும், அவருக்கு ஆகாது” என்றபடி அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.