மழை மறைவிலிருந்து பார்த்த மலை

“அந்தக் காஞ்ச ஊர்ல உனக்கு என்னட்டி இருக்கு?”

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியை வைப்பதற்கு முன் அம்மா இதைக் கேட்பாள். நான்கு ஆண்டுகளாக நான் சிரித்து நழுவி வந்தேன். சென்ற மாதம் முதல் அப்படி நழுவ இயலவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் பணி கிடைக்கும் வாய்ப்பு வந்தது. ஜூன் மாதத்தில் சேர வேண்டும். வலியசாலை வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். அப்பா மறைந்து மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்டன. வீட்டின் பின்கட்டில் ஓடு நழுவி, மழை நாளில் மூன்று இடங்களில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கிறது. என் ஆய்வேடோ இன்னும் ஓராண்டு கேட்கிறது. ஆகவே அம்மாவின் கேள்விக்கு இப்போது நேர்மையாக விடை சொல்ல வேண்டும். தாம் தேர்ந்தெடுக்காத ஓர் ஊரில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் நண்பர்கள் பலர் இப்பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்பதால் அதைப் பொதுவிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஈரத்தில். எங்கள் தெருவிலிருந்து சற்று நடந்தால் கிள்ளிப்பாலம். அதன் அடியில் கரமனை ஆற்றோடு சேரப்போகும் கிள்ளியாறு. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சுவரில் பாசி, துணியில் ஈர வாடை, புத்தக அடுக்கில் பூஞ்சை. சாலைக் கடைத்தெருவின் அரிசி மண்டி ஒன்றில் கணக்கெழுதுவதற்காக நெல்லைச் சீமையிலிருந்து மலை கடந்து வந்த என் பூட்டனார் கொண்டுவந்த ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று எங்கள் பரணில் இருந்தது. நான் அதைக் கையில் எடுத்தபோது ஓலைகள் பொடியாக உதிர்ந்தன. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் வீட்டில் இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

அந்தப் பூட்டனார் வந்த வழியை எதிர்த்திசையில் கடந்து நான் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இரயிலில் ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான். நாகர்கோவில் வரை தென்னையும் வாழையும் நெல்வயலும் கூட வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் சன்னலுக்கு வெளியே வேறொரு நாடு தொடங்கும். தென்னை நின்ற இடத்தில் பனை. ஈர மண் இருந்த இடத்தில் பாறையும் உடைமரமும். காற்றாலைகள் வரிசை வரிசையாக. முதன்முறை அந்தக் காட்சியைக் கண்டு நான் அழுதேன் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

காரணம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அரபிக்கடலிலிருந்து எழும் தென்மேற்குக் காற்று மலையின் மேற்குச் சரிவில் மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மறுபுறம் இறங்கும்போது வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. கிழக்கே இருப்பது மழை மறைவுப் பகுதி. எங்கள் வீட்டுக் கூரையை ஒழுகவைக்கும் அதே காற்று, ஆனி ஆடி மாதங்களில் நெல்லையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறது. இன்னும் கிழக்கே சென்றால், திருச்செந்தூருக்கு அருகே குதிரைமொழித் தேரி. இரும்புத் துகள் படிந்து சிவந்த மணல், காற்றால் மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் பாலைவனம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வரும் நிலம் அதுவே.

பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டி பாலைவனம் அன்று. ஆயினும் வறண்ட, திறந்த வெளி. சேர்ந்து இரண்டு மாதங்கள் கழித்து, நூலகத்திலிருந்து வெளியே வந்த ஒரு மாலையில்தான் அதைக் கண்டேன். மேற்கே வானத்தின் அடிவிளிம்பு முழுவதும் மலை. பொதிகைத் தொடர், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, நீல நிறத்தில், இடையில் எந்த மறைப்புமின்றி நின்றது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை எங்கள் மாவட்டத்து எல்லையிலும் இருக்கிறது. எனினும் இருபத்து நான்கு ஆண்டுகள் வலியசாலையில் இருந்த நான் அம்மலையை முழுதாகக் கண்டதில்லை. தென்னையும் மாடிகளும் மேகமும் அதை மறைத்திருந்தன. மலை தரும் மழையில் வாழ்ந்த எனக்கு மலை தெரியவில்லை. மழை மறுக்கப்பட்ட ஊரிலிருந்தே அது தெரிந்தது.

இதுதான் அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய விடையின் முதற்பகுதி. வறண்ட நிலம் பார்வையைத் திறந்துவிடுகிறது.

நீரையும் நான் இங்கேதான் கண்டேன். மழை பெய்யாத ஜூன் மாதத்து ஊரில் தாமிரபரணி நிறைந்து ஓடும். மலைமீது பெய்த மழை அது. அதைக் கொண்டே கார் சாகுபடி; வடகிழக்குப் பருவமழையைக் கொண்டு பிசானம். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் ஏழு ஆங்கிலேயர் ஆட்சிக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. என் ஆய்வு இந்தப் பாசன அமைப்பின் கல்வெட்டுகளையும் வாய்மொழி நினைவுகளையும் பற்றியது. களப்பணியில் சந்தித்த பெரியவர் ஒருவர் தம் குளத்தின் ஒவ்வொரு மடைக்கும் பெயர் சொன்னார். எந்த ஆண்டு மறுகால் பாய்ந்தது, எந்த ஆண்டு பாயவில்லை என்று விரல்விட்டு எண்ணினார். எங்கள் தெருவில் மழைக்குக் கணக்கு வைத்திருப்பவர் எவரையும் நான் அறியேன். அங்கே தேவை எழவில்லை.

என்னோடு முதுகலை படித்த தோழி ஒருத்தி இப்போது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் இருக்கிறாள். சொனோரன் பாலைவனத்தில், சாண்டா கேட்டலினா மலைகளின் அடியில் அமைந்த பல்கலைக்கழக நகரம் அது. அங்குள்ள மரவளைய ஆய்வுக்கூடத்தைப் பற்றி அவள் ஒருமுறை விவரித்தாள். ஆன்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் என்ற வானியலாளர் 1937இல் நிறுவியது. நீர் தட்டுப்பாடான சரிவில் வளரும் மரம், மழை மிகுந்த ஆண்டில் அகன்ற வளையமும் குறைந்த ஆண்டில் ஒடுங்கிய வளையமும் இடும். எப்போதும் நீர் கிடைக்கும் ஓடைக்கரை மரத்தின் வளையங்களோ ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருக்கும். அவற்றிலிருந்து காலத்தை வாசிப்பது கடினம். இதைக் கேட்டபோது எனக்கு மடைகளின் பெயர் சொன்ன பெரியவரும், எங்கள் பரணில் பொடிந்த ஓலைகளும் ஒருங்கே நினைவுக்கு வந்தனர்.

என் தெருவின் பெயரைக்கூட நான் இவ்வூரில்தான் வாசித்தேன். வலியசாலை என்பதிலுள்ள சாலை வண்டி போகும் வழியன்று, கல்விச்சாலை. பழைய காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. முதலாம் இராசராசன் அச்சாலையில் ‘கலம்’ அறுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி கூறுகிறது. அந்தக் கலம் மரக்கலமா உண்கலமா என்ற வாதம் நெடியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இது குறித்துத் தனிநூலே எழுதினார். அதற்கும் முன்பு, 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் பயிலச் சாலை அமைத்தபோது காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான். ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரலாகாது என்றெல்லாம் விதிகள் உண்டு. ஆட்டோவுக்காகக் காத்துநின்ற என் தெருமுனை, ஒரு காலத்தில் மற்ற கல்விச்சாலைகளுக்கு அளவுகோலாக இருந்தது என்பதை அபிஷேகப்பட்டி நூலகத்தின் மின்விசிறிக்கடியில் அமர்ந்து அறிந்துகொண்டேன்.

இப்பல்கலைக்கழகம் தாங்கியிருக்கும் பெயருக்குரியவரும் இதே மலையின் இருபுறமும் வாழ்ந்தவர். பெ. சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்தார். நெல்லை இந்துக் கல்லூரியில் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்து, 1891இல் ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டு, கல்வெட்டுகளையும் ஆராய்ந்து, 1897இல் மறைந்தார். அவர் பெயரால் மழை மறைவில் ஒரு பல்கலைக்கழகம் 1990இல் எழுந்தது.

இவ்வளவையும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வறட்சியின் அழகு, திரும்பிச் செல்ல ஓர் ஈர வீடு உடையவர்களுக்கே எளிதில் புலப்படும். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் நான் இந்த நீல மலையைப் பற்றிப் பேசத் துணியமாட்டேன். நம் இலக்கண மரபில் பாலைக்குத் தனிநிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பார்கள். அதற்குரிய ஒழுக்கம் பிரிவு. நிலம் வறள்வதையும் ஒருவரை விட்டு ஒருவர் போவதையும் நம் முன்னோர் ஒரே இடத்தில் வைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

வறண்ட ஊர் நீரிலிருந்து நம்மைக் காக்கும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அது மிகுதி. தாமிரபரணி கரை கடந்தது. நான் அப்போது நெல்லைச் சந்திப்புக்கு அருகே தரைத்தள அறையொன்றில் இருந்தேன். களக்குறிப்பேடுகள் இரண்டு ஊறிப் போயின. இரண்டு நாள் அம்மாவால் என்னைத் தொடர்புகொள்ள இயலவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை பின்னர் சொன்னாள். அம்மா இன்றுவரை அதை என்னிடம் சொன்னதில்லை. அவள் கேள்விக்குள் இருப்பது ஊரின் மீதான இளக்காரமன்று என்பது அன்று எனக்கு விளங்கியது.

போன வாரம் அம்மா முதன்முறையாக இங்கே வந்தாள். பூட்டனார் புறப்பட்டுப் போன ஊரை எங்கள் குடும்பத்தில் பல ஆண்டுகளாக யாரும் வந்து பார்த்ததில்லை. மாலையில் மாடிக்கு அழைத்துச் சென்றேன். காற்று பலமாக அடித்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெகுநேரம் மேற்கே பார்த்தாள்.

“நம்ம வீடு இதுக்குப் பின்னாலயா?”

ஆம் என்றேன். தென்மேற்கே சற்றுத் தாழ்ந்த பகுதியைக் காட்டி, அதற்கு நேர் பின்னால், நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இராது என்றேன்.

“இவ்வளவு பெரிசா? இத்தன வருசம் நாம இதுக்கடியிலயா கெடந்தோம்?”

பிறகு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை இரயில் ஏறும்போது மட்டும், “முடிச்சிட்டே வா. ஓட்ட நான் ஆள் வச்சு மாத்திக்கிடுதேன்” என்றாள்.

அந்தக் கல்லூரிக்கு இன்று மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன். இது வெற்றிச் செய்தியன்று, ஓராண்டுக் கடன். ஓடு மாற்றும் செலவுக்கு என் உதவித்தொகையிலிருந்து ஒரு பகுதியை அனுப்பியிருக்கிறேன். ஜூனில் முதல் மழை விழும்போது ஒரு வாரமாவது வீட்டில் இருக்க வேண்டும். நனைந்த குறிப்பேடுகளில் வாசிக்க முடிந்த பக்கங்களைப் பெயர்த்தெழுதும் வேலை நாளை தொடங்குகிறது.